பத்து சென்ட் புத்தகமும் இருபத்தைந்து சென்ட் வைத்தியமும்

(சங்கத்தின் புணே கிளைக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை. மற்ற ஊர் அங்கத்தினர்களும் படிக்க வேண்டும் என்று பலர் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியிடுகிறோம்.)



செக்ரட்டரி எனக்குக் கொடுத்த தலைப்பு "குழந்தைகளும் செல்போனும்". ஒரு கிழ வாத்தியாரைக் கூப்பிட்டு இப்படி ஒரு தலைப்பைக் கொடுத்தால் அவன் என்ன பேசுவான் என்று எல்லோருக்கும் தெரியும். "அந்தக் காலத்திலே நாங்களெல்லாம்..." என்று ஆரம்பிப்பான், மாமாக்கள் தலையாட்டுவார்கள், குழந்தைகள் நெளிவார்கள், பிறகு எல்லோரும் காபி சாப்பிடப் போவோம். அந்தப் பேச்சை நான் ஒரு தடவை பேசிவிட்டேன், 1983 இல். அன்றைக்குத் தலைப்பு செல்போன் இல்லை, காமிக்ஸ் புத்தகம். பலமாகக் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது. அதனால் செல்போனைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு, அமெரிக்காவில் காமிக்ஸை எதிர்த்துப் பெரிய போர் நடத்திய ஒரு டாக்டரைப் பற்றிச் சொல்கிறேன். என் கதை பிறகு வரும்.

அவர் பெயர் ஃப்ரெட்ரிக் வெர்தாம். 1895 இல் ஜெர்மனியில் பிறந்தவர், மனநோய் மருத்துவர். 1922 இல் அமெரிக்கா போனார். பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் சில வருஷங்கள் வேலை பார்த்துவிட்டு நியூயார்க்குக்கு வந்தார். கோர்ட்டில் கொலைக் குற்றவாளிகளின் மனநிலையைப் பற்றிச் சாட்சி சொல்வது அவருடைய வேலைகளில் ஒன்று. காமிக்ஸ் ரசிகர்கள் இவரை ராவணன் மாதிரி நினைப்பார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். விசாரித்துப் பார்த்தால் மனிதர் அவ்வளவு சுலபத்தில் ஒரு கட்டத்துக்குள் அடங்குகிறவர் இல்லை.

சர்ச் அடித்தளத்தில் ஒரு ஆஸ்பத்திரி

நியூயார்க்கில் ஹார்லெம் என்று ஒரு பகுதி, கறுப்பின மக்கள் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். 1940களில் அங்கே ஒருவனுக்கு மனசு சரியில்லை என்றால் போக இடமே கிடையாது. பெரிய ஆஸ்பத்திரிகள் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். பணமும் இல்லை. ரிச்சர்ட் ரைட் என்ற பிரபலமான கறுப்பின எழுத்தாளர் வெர்தாமின் சிநேகிதர். இவர்கள் சேர்ந்து, பல இடங்களில் உதவி கேட்டு ஒன்றும் பெயராமல், கடைசியில் ஒரு சர்ச்சின் அடித்தளத்தில் இடம் பிடித்தார்கள். 1946 இல் அங்கே ஆரம்பித்ததுதான் லஃபார்க் கிளினிக்.

வாரத்தில் இரண்டு நாள் சாயங்காலம் திறந்திருக்கும். கட்டணம் 25 சென்ட், அதாவது கால் டாலர். அதுவும் இல்லாதவர்களுக்கு இலவசம். டாக்டர்களும் சமூகத் தொண்டர்களும் சம்பளம் வாங்காமல் வேலை பார்த்தார்கள். அவர்களில் வெள்ளைக்காரர்களும் உண்டு, கறுப்பினத்தவர்களும் உண்டு. அந்தக் காலத்து அமெரிக்காவில் அதுவே ஒரு அதிசயம். 1958 வரை, பன்னிரண்டு வருஷம், அந்தக் கிளினிக் நடந்தது.

அங்கே வந்த குழந்தைகளிடம் வெர்தாம் பொறுமையாக உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தார். ஏழ்மை, இனத் துவேஷம், இடிந்து விழும் வீடு இவையெல்லாம் ஒரு குழந்தையின் மனத்தை எப்படி உருக்குலைக்கின்றன என்பதை அவ்வளவு கிட்டத்தில் பார்த்த மனநல டாக்டர்கள் அந்தக் காலத்தில் அதிகம் பேர் இல்லை.

இதன் பலன் ஒன்று சரித்திரத்திலேயே இருக்கிறது. டெலவேர் மாநிலத்தில் வெள்ளைக் குழந்தைகளுக்கும் கறுப்பினக் குழந்தைகளுக்கும் தனித்தனிப் பள்ளிக்கூடம். இதை எதிர்த்து வழக்கு வந்தபோது, இரு தரப்புக் குழந்தைகளையும் வெர்தாம் தம் கிளினிக்கில் வைத்துப் பரிசோதித்தார். பிரித்து வைப்பதே குழந்தைகளின் மன ஆரோக்கியத்துக்குக் கெடுதல் என்று 1951 இல் கோர்ட்டில் சாட்சி சொன்னார். 1952 இல் அங்கே காலின்ஸ் சைட்ஸ் என்ற நீதிபதி, கறுப்பினக் குழந்தைகளை வெள்ளையர் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். பிறகு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய் பிரவுன் வழக்கு என்று பெயர் பெற்ற ஐந்து வழக்குகளில் இதுவும் ஒன்று. 1954 மே 17 ஆம் தேதி தீர்ப்பு வந்தது. பள்ளிகளில் இனப் பிரிவினை சட்ட விரோதம் என்று ஆயிற்று.

அந்தத் தேதியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு 26 நாள் முன்னால், ஏப்ரல் 21 ஆம் தேதி, இதே மனிதர் வேறொரு இடத்தில் சாட்சி சொன்னார்.

காமிக்ஸ் மேல் போர்

அந்த நாளில் அமெரிக்காவில் காமிக்ஸ் புத்தகத்தின் விலை பத்து சென்ட். மாதம் கோடிக்கணக்கில் விற்றது. டெலிவிஷன் இன்னும் எல்லா வீட்டுக்கும் வராத காலம், அதனால் குழந்தைகளின் உலகமே அதுதான். சூப்பர்மேனும் வாத்து கதைகளும் மட்டும் இல்லை. கொலை, கொள்ளை, பேய், பிசாசு, கழுத்தை நெரிப்பது, கண்ணில் ஊசி குத்துவது எல்லாம் வண்ணத்தில் வந்தன. வெர்தாம் பார்த்த குழந்தைகள் பலர் கையில் இந்தப் புத்தகங்கள் இருந்தன. அவருக்குச் சந்தேகம் தட்டியது.

1948 லிருந்து பத்திரிகைகளில் எழுதினார், மேடைகளில் பேசினார். அந்த வருஷமே சில ஊர்களில் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டே காமிக்ஸ்களைக் குவித்துக் கொளுத்தினார்கள். மூன்று வருஷம் முன்னால்தான் ஹிட்லரின் ஜெர்மனி வீழ்ந்தது. புத்தகம் கொளுத்துவது என்றால் என்ன என்று உலகத்துக்கே தெரிந்த சமயம். இருந்தும் கொளுத்தினார்கள்.

1954 இல் அவருடைய பெரிய புத்தகம் வந்தது. தலைப்பைத் தமிழில் சொன்னால், களங்கமற்றவர்களை மயக்கி வழி தவறச் செய்தல் என்று வரும். இளங்குற்றவாளிகளைப் பற்றி விசாரித்த செனட் உபகமிட்டி அவரைக் கூப்பிட்டது. காமிக்ஸ் தொழிலோடு ஒப்பிட்டால் ஹிட்லர் வெறும் கற்றுக்குட்டி என்கிற அளவுக்கு அங்கே பேசினார். நாஜிகள் யூதர்களுக்குச் செய்த கொடுமை நடந்து பத்து வருஷம்கூட ஆகவில்லை. வார்த்தை எவ்வளவு தூரம் ஓடிவிட்டது பாருங்கள்.

அதே நாளில் பேய்க்கதை காமிக்ஸ் வெளியிட்ட வில்லியம் கெயின்ஸ் என்பவரும் வந்தார். கீஃபாவர் என்ற செனட்டர் ஒரு அட்டைப்படத்தைத் தூக்கிக் காட்டினார். ஒருவன் கையில் கோடாலி, இன்னொரு கையில் ஒரு பெண்ணின் வெட்டிய தலை. இது நல்ல ரசனையா என்று கேட்டார். பேய்க்கதைப் புத்தகத்துக்கு இது சரியான அட்டைதான் என்றார் கெயின்ஸ். தலையை இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடித்து ரத்தம் சொட்டுவதைக் காட்டியிருந்தால்தான் ரசனைக் குறைவு என்று விளக்கமும் சொன்னார். மறுநாள் பேப்பரில் அது வந்தது. அமெரிக்காவில் எந்த அம்மா அதைப் படித்துவிட்டுச் சும்மா இருப்பாள்? நம்மாத்து அம்மாக்களே இருக்க மாட்டார்கள்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். வெர்தாம் சொன்னதெல்லாம் அபத்தம் இல்லை. கறுப்பினத்தவர்களையும் ஆசியர்களையும் அந்தப் புத்தகங்களில் மிருகம் மாதிரி வரைந்திருந்தார்கள். அதைக் குழந்தைகள் உண்மை என்று நம்புகிறார்கள் என்று அவர் கண்டித்தார். பின் பக்கங்களில் குழந்தைகளுக்குக் கத்தியும் காற்றுத் துப்பாக்கியும் விற்கும் விளம்பரங்கள் வந்தன. பெண் குழந்தைகள் தங்கள் உடம்பை நினைத்து வெட்கப்படும்படியான விளம்பரங்கள் வந்தன. அதையெல்லாம் அவர் எதிர்த்தார். இதில் எது தப்பு? காமிக்ஸ் ஒன்றே காரணம் என்றும் அவர் எழுதவில்லை. பல காரணங்களில் அதுவும் ஒன்று என்றுதான் சொன்னார். பெரியவர்கள் எதை வேண்டுமானாலும் படிக்கட்டும், 15 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இந்தக் குற்றக் கதைகளை விற்காதே என்பதுதான் அவருடைய கோரிக்கை.

கோரிக்கை ஒன்று, நடந்தது ஒன்று

அரசாங்கம் சட்டம் போட்டுவிடுமோ என்று பயந்து, 1954 அக்டோபரில் காமிக்ஸ் கம்பெனிகளே தங்களுக்கு ஒரு கட்டுப்பாட்டு விதி செய்துகொண்டன. கதைகளை முன்கூட்டியே ஒரு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே ஒப்புதல் கிடைத்தால் அட்டையில் முத்திரை. முத்திரை இல்லாத புத்தகத்தைப் பெரும்பாலான கடைக்காரர்கள் தொட மாட்டார்கள். பேய் கூடாது, ரத்தக்காட்டேரி கூடாது, போலீஸையும் நீதிபதியையும் மரியாதைக் குறைவாகக் காட்டக் கூடாது என்று பட்டியல் நீண்டது. பல கம்பெனிகள் மூடின. படம் வரைந்து பிழைத்தவர்கள் பலருக்கு வேலை போயிற்று. கெயின்ஸ் பேய்க்கதைகளை நிறுத்தினார். அவரிடம் மிஞ்சியது மேட் என்ற நகைச்சுவைப் புத்தகம். அதை 1955 இல் பத்திரிகையாக மாற்றிப் பிழைத்துக்கொண்டார்.

இந்த ஏற்பாட்டில் வெர்தாமுக்கே திருப்தி இல்லை. திருடனிடமே சாவி கொடுத்த மாதிரி என்று நினைத்தார். ஆனால் ஊர் அவர் பெயரைத்தான் அதன் மேல் எழுதியது.

அந்த முத்திரை என்ன பண்ணிற்று என்பதற்கு ஒரு உதாரணம் போதும். கெயின்ஸின் கம்பெனி 1953 இல் ஒரு கதை வெளியிட்டிருந்தது. ஒரு கிரகத்தில் இயந்திர மனிதர்கள் வாழ்கிறார்கள். ஆரஞ்சு நிறத்தவர்களுக்கு எல்லா வசதியும். நீல நிறத்தவர்களுக்கு பஸ்ஸில்கூடத் தனி இடம். இரண்டு பேரும் உள்ளே ஒரே மாதிரி பாகங்களால் செய்யப்பட்டவர்கள்தான். பூமியிலிருந்து வந்த அதிகாரி பார்த்துவிட்டு, நம் குடியரசில் சேர உங்களுக்கு இன்னும் தகுதி வரவில்லை என்று சொல்லிக் கிளம்புகிறார். கடைசிப் படத்தில் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார். அவர் ஒரு கறுப்பின மனிதர். 1956 இல் இதை மறுபடி அச்சிடப் பார்த்தபோது, முத்திரை கொடுக்க வேண்டிய மர்ஃபி என்ற அதிகாரி, அந்த மனிதர் கறுப்பினத்தவராக இருக்கக் கூடாது என்றார். கெயின்ஸ் சண்டை போட்டு, மாற்றாமலே வெளியிட்டார். அதோடு காமிக்ஸ் புத்தகங்களுக்கே தலைமுழுகிவிட்டார்.

யோசித்துப் பாருங்கள். கறுப்பினக் குழந்தைகளுக்காகக் கால் டாலருக்கு வைத்தியம் பார்த்தவர் கிளப்பிய புயல், கறுப்பின வீரன் ஒருவனைக் கதையிலிருந்து துரத்தப் பார்த்தது. அவர் அதைக் கேட்கவில்லை. ஆனால் நெருப்பை மூட்டினவன், அது எந்தப் பக்கம் போகும் என்று உத்தரவு போட முடியாது.

அந்த நெருப்பின் சூடு நம் தேசம் வரைக்கும் வந்தது. பிரிட்டனிலும் அமெரிக்கப் பேய் காமிக்ஸுக்கு எதிராகக் கூச்சல் எழுந்து 1955 இல் ஒரு சட்டம் வந்தது. மறு வருஷமே, 1956 இல், நம் பார்லிமெண்டிலும் இளம் வயதினருக்குத் தீங்கான வெளியீடுகள் பற்றிய சட்டம் இயற்றப்பட்டது. படங்களின் உதவியோடு சொல்லும் கதைகள் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. இளம் வயது என்பதற்கு அதில் போட்ட வரம்பு இருபது. பத்தொன்பது வயதுப் பிள்ளை கல்யாணம் பண்ணிக் குடித்தனம் நடத்திய காலம் அது!

அமெரிக்காவில் அந்த முத்திரை மெள்ள மெள்ள வலுவிழந்து, 2011 இல் கடைசி இரண்டு கம்பெனிகளும் அதைக் கைவிட்டன.

பெட்டிக்குள் இருந்த காகிதங்கள்

வெர்தாம் 1981 இல் காலமானார். அவருடைய காகிதங்கள் வாஷிங்டனில் லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் இருந்தன. 2010 வரை ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்து விடவில்லை. திறந்ததும் கேரல் டில்லி என்ற பேராசிரியை போய் உட்கார்ந்து, நோயாளிகளைப் பற்றிய மூலக் குறிப்புகளையும் அச்சில் வந்த புத்தகத்தையும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் படித்தார். 2012 இல் கட்டுரை வெளியிட்டார்.

அவர் கண்டது மனத்தை உறுத்துகிறது. இரண்டு பேரின் கதையை ஒருவருடையதாகச் சேர்த்திருந்தார். ஒருவர் சொன்னதைப் பல பேர் வாயில் பிரித்துப் போட்டிருந்தார். சக டாக்டர்கள் பார்த்த குழந்தைகளைத் தாமே பார்த்ததுபோல எழுதியிருந்தார். பேட்மேன், ராபின் கதைகள் சில இளைஞர்களின் ஆசைகளைத் தூண்டின என்று எழுதினாரே, அந்த இளைஞர்கள் அதைவிட டார்ஸான் மாதிரி வேறு பாத்திரங்களைத்தான் சொன்னார்கள் என்று குறிப்பில் இருக்கிறது. அது அச்சில் வரவில்லை.

எல்லாவற்றிலும் என்னைத் தைத்தது ஒரு 13 வயதுப் பெண்ணின் கேஸ். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுகிறவள். காட்டு ராணி காமிக்ஸ் படித்து அதன் கதாநாயகியை ரசித்தவள் என்று புத்தகத்தில் வருகிறது. மூலக் குறிப்பில் இன்னும் நிறைய இருக்கிறது. அவள் வீட்டை விட்டு ஓடியவள், ஒரு கும்பலில் இருந்தவள், படிப்பு ஏறாதவள். அதெல்லாம் புத்தகத்தில் இல்லை. சூழ்நிலைதான் குழந்தையைக் கெடுக்கிறது என்று கோர்ட்டில் ஏறிச் சொன்ன மனிதர், அந்தக் குழந்தையின் சூழ்நிலையைத் தம் கையாலேயே அடித்துவிட்டார்.

ஏன் செய்தார்? பணத்துக்காக என்று எனக்குத் தோன்றவில்லை. நல்ல காரியம் செய்கிறோம் என்ற நிச்சயம் வந்துவிட்டால், நடுவில் வரும் சின்னச் சின்ன உண்மைகள் தொந்தரவாகத் தெரிய ஆரம்பிக்கும். கேஸ் பலமாக இருக்க வேண்டும், கேட்பவர்கள் சந்தேகப்படக் கூடாது, குழந்தைகளைக் காப்பாற்ற வேண்டும். அதற்காக ஒரு வரியை விட்டால் என்ன? இதை எப்படி இவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறேன் என்றால், நானும் அப்படி ஒரு வரியை விட்டவன்.

என் கேஸ்

1983 இல் நான் வடக்கே ஒரு தொழில் நகரத்தில் எட்டாம் வகுப்புக்கு கிளாஸ் டீச்சர். அப்போது இந்திரஜால் காமிக்ஸ் வேதாளன், மாண்ட்ரேக் எல்லாம் பையன்களிடையே கைக்குக் கை மாறும். நம் தமிழ்ப் பையன்கள் லீவுக்கு ஊருக்குப் போய் வந்தால் முத்து காமிக்ஸும் இரும்புக்கை மாயாவியும் வரும். பெஞ்சுக்கு அடியில் ஒரு சந்தையே நடக்கும்.

என் வகுப்பில் ஒரு பையன். ஆறாம் வகுப்பு வரை முதல் ஐந்து ராங்கில் வந்தவன். அந்த வருஷம் ஒரேயடியாகச் சரிந்தான். வகுப்பில் தூங்குவான். இன்னொரு பையனை மூக்கில் ரத்தம் வர அடித்தான். சக மாணவன் பையிலிருந்து ஐந்து ரூபாய் எடுத்தான். அவன் பையைச் சோதித்தேன். பதினாறு காமிக்ஸ் இருந்தன.

ஹெட்மாஸ்டருக்கு ரிப்போர்ட் எழுதினேன். படிப்பில் சரிவு, தூக்கம், முரட்டுத்தனம், திருட்டு. காரணம், காமிக்ஸ் மோகம். ஒரு பக்கம். எழுத்து முத்து முத்தாக இருக்கும், அந்த நாளில் எனக்கு அதில் கர்வம்.

எழுதாத வரி இது. அவன் அப்பா வேலை பார்த்த ஆலை ஆறு மாதமாக மூடிக் கிடந்தது. பையன் காலை நாலரை மணிக்கு எழுந்து வீடு வீடாகப் பேப்பர் போட்டான். அவன் அம்மா இதை என்னிடமே வந்து சொன்னாள், சொல்லும்போது அழுதாள். எனக்குத் தெரியும். தெரிந்தும் விட்டேன். அடுத்த வாரம் பெற்றோர் தினத்தில் காமிக்ஸின் கேடுகள் பற்றி நான் பேச வேண்டும். ஆலை மூடின கதையைச் சேர்த்தால் என் பேச்சின் உதாரணம் நொண்டி அடிக்கும்.

பேசினேன். கை தட்டினார்கள். பள்ளியில் காமிக்ஸுக்குத் தடை வந்தது. பிடித்த புத்தகங்களை மைதானத்தின் மூலையில் போட்டு நான்தான் தீக்குச்சி கிழித்தேன். அந்தப் பையன் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தான், அழவில்லை. கடைசியில் வந்து, "சார், அதில் நாலு புத்தகம் வாடகைக்கு வாங்கினது, கடைக்காரருக்கு நான் காசு கொடுக்கணும்" என்று மட்டும் சொன்னான். நான் பதில் சொல்லவில்லை. பள்ளி வருஷம் முடிவதற்குள் நின்றுவிட்டான். அவன் என்ன ஆனான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தடைக்குப் பிறகு வகுப்பில் சண்டை குறையவில்லை, தூக்கமும் குறையவில்லை. ஆலை திறக்கவில்லை, அவ்வளவுதான்.

2013 இல் என் மாப்பிள்ளை அந்தப் பேராசிரியையின் ஆராய்ச்சி பற்றிய செய்தியை பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார், "மாமா, உங்களுக்குப் பிடித்த சப்ஜெக்ட்" என்று. காமிக்ஸ் எனக்குப் பிடிக்காது என்று வீட்டில் பிரசித்தம். அந்த 13 வயதுப் பெண்ணின் கேஸைப் படித்தபோது, அதில் என் கையெழுத்தைப் பார்த்த மாதிரி இருந்தது. அன்று ராத்திரி என் ஆத்துக்காரியிடம் முதல் தடவையாக அந்தப் பையனைப் பற்றிச் சொன்னேன். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்: "அந்தக் கடைக்காரருக்குக் காசு கொடுத்தேளா?"

கொடுக்கவில்லை.

அவர்கள் வாயைத் திறந்தபோது

வெர்தாம் கதையில் இன்னும் இரண்டு சங்கதி உண்டு. 1948 இல் டேவிட் விக்ரான்ஸ்கி என்ற 14 வயதுப் பையன் ஒரு கௌரவமான இலக்கியப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினான். காமிக்ஸ் படித்து வளர்ந்த என்னைப் போன்ற எத்தனையோ பேர் குற்றவாளி ஆகவில்லையே, உங்களிடம் வருகிறவர்களை மட்டும் பார்த்து எப்படித் தீர்மானித்தீர்கள் என்பது அவன் வாதத்தின் சாரம். கேள்வி சரியான கேள்வி. ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பவர்களை மட்டும் எண்ணி ஊரில் எல்லோருக்கும் ஜுரம் என்று சொல்ல முடியுமா? பதினாலு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்தது பெரியவர்களுக்குத் தெரியவில்லை. 1954 இல் செனட் விசாரணையின்போதும் குழந்தைகள் கடிதம் போட்டார்கள். அவர்களை யாரும் சாட்சியாகக் கூப்பிடவில்லை.

இரண்டாவது சங்கதி, வெர்தாமே எழுதிய கடைசிப் புத்தகம். 1973 இல், 78 வயதில், ரசிகர்கள் தாங்களே எழுதி, வரைந்து, உருட்டச்சு போட்டுச் சுற்றுக்கு விட்ட சிறு பத்திரிகைகளைப் பற்றி எழுதினார். அவற்றில் பல, காமிக்ஸ் ரசிகர்களுடையவை. இந்த இளைஞர்கள் எவ்வளவு ஆக்கபூர்வமாக இருக்கிறார்கள் என்று மனதாரப் பாராட்டினார். அதைப் பார்த்துக் காமிக்ஸ் ரசிகர்கள் தங்கள் மாநாட்டுக்கே அவரைப் பேசக் கூப்பிட்டார்கள். போனார். ஆனால் கூட்டத்துக்குப் பழைய கோபம் ஆறவில்லை, கூச்சல் போட்டார்கள். அதற்கப்புறம் அவர் காமிக்ஸ் பற்றி எழுதவில்லை. இன்று எனக்கும் 78 வயதுதான். அந்த மேடையில் அவர் நின்ற நிலையை நினைத்துப் பார்க்கிறேன்.

அவரை எப்படி எடை போடுவது? காமிக்ஸ் ரசிகர்கள் பண்ணின மாதிரி முழுக்கத் திட்டினால், ஹார்லெம் கிளினிக்கும் டெலவேர் குழந்தைகளும் காணாமல் போய்விடுவார்கள். பக்தர்கள் மாதிரி முழுக்கப் புகழ்ந்தால், அந்த 13 வயதுப் பெண் காணாமல் போவாள். இரண்டையும் ஒரே கணக்கில் எழுதத்தான் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றதைக் கழிக்க முடியாது.

சரி, செல்போனுக்கு வருகிறேன். கெடுதல் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. என் பேரனுக்குப் பதினோரு வயது. ராத்திரி பத்தரை வரைக்கும் அந்த வெளிச்சத்தில் முகத்தை வைத்திருக்கிறான். கண்ணுக்கும் தூக்கத்துக்கும் நல்லதில்லை என்று எனக்கும் தெரிகிறது. போன மாதம் என் பெண் அதைப் பிடுங்கி பீரோவில் பூட்டினாள். "மார்க் குறைஞ்சதுக்கு இந்த சனியன்தான் காரணம்" என்றாள். நான் உடனே ஆமாம் என்றுதான் சொல்லப் போனேன். நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

பிறகு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "ராத்திரி யாரோடடா பேசறே?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் சொன்னான், வகுப்பில் யாரும் அவனோடு சேர்வதில்லை, மதியம் டப்பாவைத் தனியாக உட்கார்ந்துதான் திறக்கிறான், பழைய ஊர் சிநேகிதன் ஒருவன்தான் ராத்திரி அந்த விளையாட்டுக்குள் வருவான் என்று. மாற்றலாகி இந்த ஊருக்கு வந்து எட்டு மாதம். எங்கள் யாருக்கும் தெரியாது. போன் பூட்டியே இருக்கலாம், அது அவன் அம்மாவின் தீர்மானம், நான் தலையிடவில்லை. ஆனால் அவனுடைய ரிப்போர்ட்டில் இந்த வரி விடுபடக் கூடாது என்று பெண்ணிடம் சொன்னேன்.

உங்கள் எல்லோரிடமும் என் விண்ணப்பம் இதுதான். நம் அங்கத்தினர்களில் மாற்றல் உத்தியோகத்தில் இருப்பவர்கள் எத்தனையோ பேர். கரோல் பாகிலிருந்து மாதுங்கா, அங்கிருந்து பெங்களூர் என்று குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு அலைகிறோம். குழந்தை கெட்டுப்போகிறதே என்று பயம் வரும்போது, கண்ணில் முதலில் படும் பொருளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு முன்னால், நாம் பார்த்ததை எல்லாம் ஒரு காகிதத்தில் எழுதுங்கள். நம் வாதத்துக்கு ஒத்துவராததையும் எழுதுங்கள். அதை முதலில் எழுதுங்கள். எழுதிய பிறகும் போன்தான் காரணம் என்று தெரிந்தால், தாராளமாகப் பிடுங்குங்கள், நானே பூட்டு வாங்கித் தருகிறேன்.

கடைசி வரிசைக் குழந்தைகள் இப்போது தலையைத் தூக்கிப் பார்க்கிறார்கள். சந்தோஷம். நான் பேசினதில் தப்பு இருந்தால் அந்த 14 வயதுப் பையன் மாதிரி கடிதம் எழுதுங்கள். செக்ரட்டரி நம் பத்திரிகையில் போடுவார். போடாவிட்டால் நான் அவரோடு சண்டை போடுகிறேன்.

காபி ஆறுகிறது என்று மாமி ஜாடை காட்டுகிறார்.